மகா ரத்மல் பார்க்கப் போகிறவர்களுக்கு

எங்கள் வெள்ளவத்தை வீட்டு பல்கனியில் வெறும் மண்ணோடு ஒரு பூச்சாடி இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் நுவரெலியாவிலிருந்து வான் நிறையச் சனத்தோடு திரும்பும்போது, தெருவோரத்தில் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு வந்த செடி அதில் இருந்தது. "ரொடொடென்ட்ரன்தான், நல்லாப் பூக்கும்" என்று விற்றவர் சொன்னார். ஐந்தாவது கிழமை இலை முழுக்கப் பழுத்து விழுந்தது. பழைய படத்தைக் காட்டி விசாரித்தபோதுதான் தெரிந்தது, அது நம் மலைக்காட்டில் சிவப்பாகப் பூக்கிற மகா ரத்மல் என்ற ரொடொடென்ட்ரனே இல்லை, தோட்டங்களுக்கென்று வளர்க்கிற அசேலியா என்று. அம்மா அந்தச் சாடியில் கறிவேப்பிலை வைக்கலாமா என்று இன்னமும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அதற்கு முந்தைய கதை இன்னும் மோசம். நுவரெலியாவுக்கு அப்பால் மலை மேலே இருக்கும் ஹோர்டன் சமவெளிக்கு நான் முதன்முதல் போனது ஓர் ஓகஸ்ட் மாதம். 'உலக முடிவு' என்ற பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று வெள்ளை மூடுபனியைப் பார்த்துவிட்டு, பேக்கர் அருவி வழியாக ஏறத்தாழ 9 கிலோமீற்றர் நடந்து, "சிவப்புப் பூ மரம் இருக்கு என்றார்களே, ஒன்றையும் காணவில்லையே" என்று முணுமுணுத்துக்கொண்டு வானில் ஏறினேன். அன்று எடுத்த படங்களை இப்போது திறந்து பார்த்தால் பாதிப் படங்களில் அந்த மரம் எனக்குப் பின்னாலேயே நிற்கிறது. பூ இல்லாததால் அதை எனக்கு அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

பங்குனி பிறந்தால் தெரிந்தவர்கள் எவராவது தொலைபேசியில் கேட்கிறார்கள்: மகா ரத்மல் பார்க்க எப்போது போவது, எப்படிப் போவது, எங்கே நிற்கும், கொஞ்சம் வேரோடு கொண்டுவரலாமா. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன். பூவுக்காகப் போகிறவர்கள் இலையைப் படித்துக்கொண்டு போங்கள் என்பதுதான் நான் முதன்மையாகச் சொல்ல வருவது. மற்றதெல்லாம் பஸ், ரயில், சாப்பாட்டுப் பொதி விவகாரம்.

முதலில் பெயரைச் சரிசெய்துகொள்ளுங்கள்

தாவரவியலில் இதன் பெயர் ரொடொடென்ட்ரன் ஆர்போரியம். அதில் நம் நாட்டு மலைகளில் மட்டும் வளர்கிற துணை இனத்துக்கு 'செய்லானிக்கம்', அதாவது இலங்கைக்குரியது, என்று பெயர். எரிக்கேசியே என்ற குடும்பம். ஐரோப்பாவில் ஹீத் என்று சொல்லும் குறும்பற்றைகளும் புளூபெரியும் இதே குடும்பத்துப் பிள்ளைகள். கிரேக்கத்தில் 'ரோடோன்' என்றால் ரோஜா, 'டென்ட்ரன்' என்றால் மரம். நீலகிரியில் இதன் இன்னொரு துணை இனம் இருக்கிறது. அங்குள்ள தமிழர் அதைக் காட்டுப்பூவரசு என்கிறார்கள். நல்ல பெயர், ஆனால் ஹோர்டன் சமவெளிக்குப் போகிற வழியில் உள்ள பட்டிப்பொலவில் இறங்கிக் காட்டுப்பூவரசு எங்கே என்று கேட்டால் உங்களை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். அங்கே சிங்களவரிடமும் தமிழரிடமும் செல்லுபடியாகிற பெயர் 'மகா ரத்மல்'.

அந்த 'மகா'வை விட்டுவிடாதீர்கள். வெறும் 'ரத்மல்' என்றால் சிங்களத்தில் வெட்சி. புறத்திணையில் நிரை கவரப் போனவர்கள் சூடிக்கொண்ட அதே வெட்சி, கொழும்பில் பாதி வீட்டு மதிலோரம் சின்னச் சின்னச் சிவப்புக் கொத்தாக நிற்கிறது. நாற்றுமேடையில் ரத்மல் கேட்டால் அதைத்தான் எடுத்துத் தருவார்கள்.

இன்னொரு ஏமாற்றம் ரயிலிலேயே காத்திருக்கும். கண்டிப் பக்கத்து மலைகளில் ஏறும்போது யன்னலுக்கு வெளியே செம்மஞ்சள் கலந்த சிவப்பில் பெரிய பூக்களோடு உயர்ந்த மரங்கள் தெரியும். "அதோ!" என்று யாராவது கத்துவார்கள். அது ஆபிரிக்க டியூலிப் மரம். வெளிநாட்டிலிருந்து வந்து நம் மலைகளில் தானாகப் பரவியது. மகா ரத்மல் அவ்வளவு கீழே இறங்கி வராது. ஏறத்தாழ 1,500 மீற்றருக்கு மேலேதான் அதன் ஊர். நானுஓயா வரும்வரை கமராவை உள்ளே வைத்திருக்கலாம்.

எந்த மாதம்

மார்ச்சிலிருந்து மே வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். மழையைப் பொறுத்து முன்பின்னாகும். ஒரே வெளியில் ஒரு மரம் சிவந்து நிற்க, பத்தடி தள்ளி இன்னொன்று மொட்டோடு நிற்பதையும் கண்டிருக்கிறேன். பருவம் தப்பி ஒற்றைக் கொத்துப் பூக்கிற மரங்களும் உண்டு. ஆனால் அதை நம்பிக் கொழும்பிலிருந்து புறப்படாதீர்கள்.

இந்த மூன்று மாதத்துக்குள்ளும் ஒரு பொறி இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய ஏப்ரல் நடுப்பகுதி நுவரெலியாவின் 'சீசன்'. கார் ஓட்டம், மலர்க் கண்காட்சி, பாட்டுக் கச்சேரி, கிரகரி வாவியைச் சுற்றி நெருக்கடி. அறை வாடகை இரண்டு மூன்று மடங்காகும். வீதியில் வான் வரிசை நகராது. பூவுக்காகப் போகிறவருக்கு அந்தப் பத்துப் பதினைந்து நாளும் வேண்டாம். மார்ச் கடைசிக் கிழமை அல்லது மே முதல் கிழமை, வார நாளில், போயா (முழுநிலா விடுமுறை) இல்லாத நாளாகப் பார்த்துப் போங்கள். மே கடைசியில் தென்மேல் பருவக்காற்று தொடங்கிவிட்டால் மேலே காற்றும் தூறலும்தான். பூ இருந்தாலும் நின்று பார்க்க விடாது.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னதாக, தங்கப் போகிற விடுதிக்கோ வான்காரருக்கோ அழைத்து "மகா ரத்மல் பூத்திருக்கா" என்று கேளுங்கள். "நல்லாப் பூத்திருக்குங்க, வாங்க" என்று உடனே சொன்னால் கொஞ்சம் சந்தேகப்படலாம். "பட்டிப்பொல ரோட்ல ரெண்டு மரம் பூத்திருக்கு, மேல இன்னும் மொட்டுதான்" என்று சொல்கிறவரை நம்பலாம். அப்படிப்பட்ட ஓர் அண்ணன் எனக்குக் கிடைத்த பிறகுதான் என் பயணங்கள் உருப்பட்டன.

கொழும்பிலேயே செய்து முடிக்க வேண்டியவை

இலையைப் படிப்பது. இணையத்தில் பூப் படம் ஆயிரம் கிடைக்கும். இலையின் அடிப்பக்கப் படத்தைத் தேடிப் பாருங்கள். மேற்பக்கம் கடும் பச்சை, தோல் போலத் தடிப்பு, நரம்புகள் உள்ளே அமிழ்ந்து இடைப்பட்ட பகுதி சற்றுக் குமிழ்ந்து நிற்கும். ஓரங்கள் கீழ்நோக்கி மடிந்திருக்கும். திருப்பினால் அடிப்பக்கம் முழுக்க மண்ணிறமும் இளமஞ்சளும் கலந்த மெல்லிய ரோமப் படலம், வெல்வெட் துணி ஒட்டினது மாதிரி. இலைகள் கிளை நெடுகப் பரவியிராமல் நுனியில் ஒரு வட்டமாகக் கூடி நிற்கும். இந்த நான்கும் மனதில் இருந்தால் ஓகஸ்டில் போனாலும் உங்களால் அந்த மரத்தைக் கண்டுபிடிக்க முடியும்.

அடுத்தது உடுப்பு. கொழும்பில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குளிர் என்றால் ஏசி குளிர்தான். ஹோர்டன் சமவெளி 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கிறது. தை மாதத்தில் விடியற்காலையில் புல் நுனியில் உறைபனி பிடிக்கிற இடம் அது. மார்ச்சிலும் காலை ஆறு மணிக்கு விரல் மரத்துப்போகும். புறக்கோட்டையில் மலிவாக ஒரு ஜேர்சியும் காதை மூடும் தொப்பியும் வாங்கலாம். மழை அங்கி கட்டாயம்; அந்தக் காற்றில் குடை விரித்தால் குடை போய்விடும். நனைந்த கல்லில் வழுக்காத சப்பாத்து வேண்டும். ரப்பர் செருப்போடு பேக்கர் அருவிப் பாதையில் இறங்கியவர்களை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வருவதைப் பார்த்திருக்கிறேன். பத்து மணிக்கு வெயில் வந்துவிட்டால் அதுவும் சுடும் வெயில். தொப்பி அப்போதும் உதவும்.

சாப்பாடு. லஞ்ச் ஷீட்டில் சுற்றிய சோற்றுப் பொதியும் பொலித்தீன் பையும் ஹோர்டன் சமவெளித் தேசிய பூங்காவின் வாசலில் நின்றுவிடும். காவலர்கள் பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறையைக்கூடக் கழற்றிக் கடதாசிப் பையில் போட்டுத் தருவார்கள். எரிச்சலாக இருக்கும், ஆனால் மேலே மரைமான்கள் பொலித்தீன் தின்று செத்த கதைகள் உண்டு. மூடியுள்ள சாப்பாட்டுப் பெட்டியில் இடியப்பமோ பாணோ கொண்டுபோனால் அவர்களுக்கும் வேலை மிச்சம். தேசிய அடையாள அட்டையை மறக்காதீர்கள். வெளிநாட்டுக்காரருக்கும் நமக்கும் நுழைவுக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம், அட்டை இல்லாமல் வாதாடுவது குளிரில் நல்ல அனுபவம் இல்லை.

போகும் வழி

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளைப் பக்கம் போகும் ரயிலில் நானுஓயாவில் இறங்கி, அங்கிருந்து எட்டு ஒன்பது கிலோமீற்றர் நுவரெலியா. ரயில் ஆறு ஏழு மணித்தியாலம் எடுக்கும். முற்பதிவு ரிக்கட் முடிந்துவிட்டால் புறக்கோட்டையிலிருந்து நுவரெலியா பஸ் இருக்கிறது. அவிசாவளை, ஹட்டன் பாதையில் வளைவு வளைவாக ஏறும். வயிற்றைப் புரட்டுகிறவர்கள் இஞ்சி டொபி வைத்திருங்கள். கடும் மழைக் காலத்தில் மண்சரிவால் மலைப் பாதை ரயில் நிற்பது சாதாரணம். அதனால் புறப்படுவதற்கு முதல்நாள் கோட்டை நிலையத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஒரே நாளில் போய்த் திரும்பலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் உண்டு. வேண்டாம். பூங்கா காலை ஆறு மணிக்குத் திறக்கிறது. ஒன்பது, பத்து மணிக்குப் பிறகு பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறிவிடும். கொழும்பில் காலை புறப்பட்டவர் போய்ச் சேரும்போது அங்கே வெள்ளைத் திரைதான். முதல்நாள் மாலை நுவரெலியாவிலோ அம்பேவெல, பட்டிப்பொல பக்கமோ தங்கி, ஐந்து மணிக்கு முன் வான் பிடியுங்கள். நுவரெலியாவிலிருந்து வாசலுக்கு முப்பது கிலோமீற்றர் அளவு. ரயிலிலேயே நேராகப் போகிறவர்கள் நானுஓயா தாண்டி பட்டிப்பொலவில் இறங்கலாம். 1,891 மீற்றரில் இருக்கும் அந்த நிலையம்தான் நாட்டிலேயே மிக உயரமான ரயில் நிலையம். அதற்கடுத்த ஒஹிய நிலையத்திலிருந்தும் ஒரு பாதை இருக்கிறது, பதினொரு கிலோமீற்றர் ஏற்றம். நடக்க ஆசை உள்ள இளம் ஆட்களுக்கு.

வானில் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பட்டிப்பொலவைத் தாண்டியதும் தூங்காதீர்கள். வாசலுக்கு முன்னரும், வாசலுக்கும் வாகனத் தரிப்பிடத்துக்கும் இடையிலும் வீதியோரத்தில் மரங்கள் நிற்கின்றன. சனம் இதையெல்லாம் தூக்கத்தில் கடந்துபோய், பிறகு மூன்று மணித்தியாலம் வியர்த்து நடந்து தேடுகிறது.

மேலே போய்ச் சேர்ந்ததும்

ஹோர்டன் சமவெளி 3,160 ஹெக்டேயர். சிங்களத்தில் மகா எலிய. ஹோர்டன் என்ற பெயர் 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த ரொபேட் வில்மட் ஹோர்டனுடையது. 1988இல் தேசிய பூங்காவானது. 2010இல் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதிக்குள் வந்தது. வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. இதில் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றே: ஓர் இலையைக்கூடப் பிடுங்க முடியாது. சட்டப்படி குற்றம்.

வாகனத்தை விட்டு இறங்கியதும் எல்லாரும் உலக முடிவை நோக்கி ஓடுவார்கள். நீங்கள் ஒரு பத்து நிமிடம் அங்கேயே நில்லுங்கள். புல்வெளி ஒருபக்கம், கறுத்த காடு ஒருபக்கம். இரண்டும் சந்திக்கிற ஓரத்திலும், புல்லுக்கு நடுவே தனித்தனியாகவும், முறுக்கின கிளைகளோடு குட்டையாக நிற்கிறவற்றைப் பாருங்கள். காற்று அடிக்கிற வெளியில் அது ஆளுயரப் பற்றை. காட்டுக்குள் மறைவான இடத்தில் உயர்ந்த மரம். நாகாலாந்தில் இதே இனத்தின் ஒரு மரம் 108 அடி உயரம் என்று கின்னஸில் பதிந்திருக்கிறார்கள். நம்முடையவை அந்த உயரத்தைக் கனவு காண்பதில்லை. காற்றோடு இழுபட்டு, ஒரு பக்கம் சாய்ந்து, கூனிப்போய் நிற்கின்றன. எனக்கு இதுதான் அழகு.

மரப்பட்டையைத் தொட்டுப் பாருங்கள், பாதையோரத்தில் எட்டுகிற மரமாக இருந்தால் மட்டும். தக்கை மாதிரித் தடித்து, வெடித்து, அடுக்கடுக்காக இருக்கும். புல்வெளியில் தீ ஓடினால் மற்ற மரக்கன்றுகள் கருகிப்போகும்; இந்தத் தடித்த பட்டை உள்ளே உயிரைக் காப்பாற்றிவிடும். வேறு மரமே இல்லாத வெட்டவெளியில் இது மட்டும் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் அந்தப் பட்டைதான் பதில்.

பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள். பிடுங்காமல், கிளையில் இருக்கிறபடியே. கொழும்பில் படித்த பாடம் கையில் வந்து உட்காரும். அதன் பிறகு அந்த மலை முழுக்க உங்களுக்கு வேறு மாதிரித் தெரியும். நூறு மீற்றர் தூரத்தில் நிற்பதையும் நுனிக்கொத்தை வைத்தே சொல்லிவிடுவீர்கள்.

பூத்திருந்தால், ஒரு கொத்தில் பத்துக்கும் மேற்பட்ட பூக்கள் பந்து போலக் கூடி நிற்கும். ஒவ்வொன்றும் ஐந்து மடலுள்ள ஒரு சிவப்பு மணி. உள்ளே பத்து மகரந்தத் தண்டுகள். அடியில் தேன் தங்கும் கருஞ்சிவப்புக் கிண்ணங்கள். மணமில்லை, மோந்து பார்த்துவிட்டு "வாசமே இல்லையே" என்று குறைபடாதீர்கள். இது குருவிகளைக் கூப்பிடுகிற பூ, குருவிக்கு நிறம் போதும். சத்தம் போடாமல் கால் மணித்தியாலம் தள்ளி நின்றால் கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள சின்னப் பறவைகள் கூட்டமாக வந்து, கொத்துக்குள் தலையை விட்டுத் தேன் குடிப்பதைக் காணலாம். அது இலங்கை வெள்ளைக்கண்ணி, இந்த மலைநாட்டுக்கே உரிய இனம். அதன் நெற்றி முழுக்க மகரந்தம் ஒட்டியிருக்கும்.

விழுந்து கிடக்கும் பூவொன்றை எடுத்து ஒரு சின்ன வித்தை செய்யலாம். மற்றப் பூக்களில் மகரந்தப்பை பக்கவாட்டில் வெடிக்கும். இதில் நுனியில் இரண்டு துளைதான், உப்புப் போத்தல் மூடி மாதிரி. தலைமயிர் ஒன்றால் அந்தத் துளையைத் தொட்டு மெல்ல இழுங்கள். மகரந்தம் தூளாக உதிராமல் சிலந்தி நூலில் கோர்த்த மணி போல இழுபட்டு வரும். குருவியின் தலை ஒருமுறை பட்டாலே முழுச் சரமும் ஒட்டிக்கொள்ளும் ஏற்பாடு. என் மருமகள் அதை ஏழு பூவில் செய்து பார்த்தாள். உலக முடிவுக்குப் போக நேரமில்லாமல் போய்விட்டது. யாரும் கவலைப்படவில்லை.

தேன் உறிஞ்சிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளையும் விட வேண்டாம். உத்தராகண்டில் இந்த இனத்தின் பூவிதழில் 'புராண்ஸ்' என்று சர்பத் செய்து விற்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ரொடொடென்ட்ரன் பேரினத்தின் இலையிலும் தேனிலும் கிரேயனோடொக்சின் என்ற நச்சு இருக்கக்கூடும். கருங்கடல் கரையோரத்தில் இதன் உறவு இனங்களின் தேனைத் தின்ற கிரேக்கப் படைவீரர் எழுந்து நிற்க முடியாமல் விழுந்து கிடந்தது கி.மு. 401இல். நீங்கள் விழுந்தால் தூக்கிக்கொண்டு வர ஆஸ்பத்திரி தூரத்தில் இருக்கிறது.

மஞ்சள் பூவோடு முள்ளுப் பற்றை ஒன்றும் வழியில் கண்ணில் படும். படம் எடுக்கத் தோன்றும். அது கோர்ஸ், ஐரோப்பாவிலிருந்து வந்து பரவி, இப்போது களையாகப் பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். தரிப்பிடத்தில் உங்களை நோக்கி வரும் மரைக்குப் பாண் கொடுக்காதீர்கள்.

சித்தப்பா பிள்ளைகளையும் பார்த்துவிட்டு வாருங்கள்

இதே குடும்பத்தில் இன்னும் இரண்டு வகை மேலே இருக்கின்றன. பூ சிறிதாக இருப்பதால் எவரும் கவனிப்பதில்லை.

ஒன்று கோல்தீரியா. மலைப் பாதைகளில் வெட்டிவிட்ட மண்சுவர் ஓரத்தில் வளரும் பற்றை. வெள்ளை நிறத்தில் சின்னச் சின்னக் குடங்களைக் கவிழ்த்து வரிசையாகத் தொங்கவிட்டது போலப் பூக்கும். பிறகு கருநீலக் காய் பிடிக்கும். பூங்காவுக்கு வெளியே, வீதியோரத்தில் கண்டால் ஒரு காய்ந்த இலையைக் கசக்கி மோந்து பாருங்கள். வீட்டில் பாட்டி முழங்காலுக்குப் பூசுகிற தைலத்தின் மணம் அப்படியே வரும். இரண்டிலும் இருப்பது ஒரே பொருள், மீதைல் சாலிசிலேற். பூங்காவில் மோந்து பார்க்க ஒன்றும் கிடைக்கவில்லையே என்றவர்களுக்கு இது ஆறுதல்.

மற்றது வக்சீனியம். கொழும்பு சூப்பர்மார்க்கட்டில் சின்னப் பெட்டியில் கொள்ளை விலைக்கு விற்கிற புளூபெரி இந்தப் பேரினம்தான். அதன் சொந்தக்காரர் நம் மலைக்காட்டில் சிறு மரமாக நிற்கிறார். பழத்தின் அளவைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

ஹோர்டன் சமவெளிக்குப் போக முடியாவிட்டால்

சிவனொளிபாதமலைக்குப் போகிறவர்கள் நிறையப் பேர் இதைப் பார்க்காமலே பார்த்தவர்கள். யாத்திரைக் காலம் டிசம்பர் போயாவிலிருந்து வெசாக் போயா வரை. அதாவது பூக்காலத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்துவிடுகிறது. ஆனால் நல்லதண்ணியிலிருந்து எல்லாரும் ஏறுவது நடுநிசியில். சூரியோதயம் பார்த்த கையோடு முழங்கால் வலியில் படியைப் பார்த்துக்கொண்டே இறங்கிவிடுவார்கள். உச்சியை விட்டு இறங்கத் தொடங்கும் முதல் அரைமணித்தியாலம் தலையை நிமிர்த்தி இரண்டு பக்கமும் பாருங்கள்.

1344இல் அந்த மலைக்கு வந்த மொரோக்கோப் பயணி இபின் பதூதா, உள்ளங்கை அகலச் சிவப்பு ரோஜாக்களை அங்கே கண்டதாகவும், அவற்றில் இறைவன் பெயர் எழுதியிருப்பதாக ஊரார் சொன்னதாகவும் குறித்துவைத்தார். 2,243 மீற்றர் உயர மலையில் ரோஜா ஏது? பின்னால் வந்தவர்கள் அது ரொடொடென்ட்ரனாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுகட்டினார்கள். எனக்கும் அப்படித்தான் படுகிறது. ரோஜா மரம் என்று கிரேக்கப் பெயர் வைத்தவர்களும் அதே பிழையைத்தானே செய்தார்கள்.

நடக்க இயலாத பெரியவர்களோடு போகிறவர்களுக்கு ஹக்கல தாவரவியல் பூங்கா. மலேரியா மருந்து எடுக்கும் சிங்கோனா மரத்தைப் பயிரிட்டுப் பார்க்க 1861இல் தொடங்கிய தோட்டம். பாதை ஒழுங்காக இருக்கும், உட்கார இடம் இருக்கும், சீதா எலியவில் சீதையம்மன் கோவிலுக்கும் போய்விட்டு வரலாம். ஆனால் தோட்டங்களில் நிற்கும் எல்லா ரொடொடென்ட்ரனும் நம் காட்டினமல்ல. இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக முழங்கால் உயரத்தில் பூத்திருந்தால் அது பெரும்பாலும் அசேலியா. சந்தேகம் வந்தால் இலையைத் திருப்புங்கள். மண்ணிற வெல்வெட் இல்லையென்றால் நமது மகா ரத்மல் அல்ல.

கொண்டுவந்து வளர்க்கலாமா

முடியாது. இந்தக் கேள்விக்கு நான் ஒரு சாடியைச் சாட்சியாக வைத்திருக்கிறேன். அசேலியாவே தாங்கவில்லை என்றால் இது எம்மாத்திரம்.

அமில மண்தான் காரணம், தேயிலை மண் கொண்டுவந்தால் சரி என்று ஒரு நண்பர் வாதாடினார். மண் பாதிக் கதை. இதற்கு அமில மண் வேண்டும், மயிர் போன்ற மெல்லிய வேர்களுக்குள் குடியிருந்து ஊட்டம் தேடித் தரும் ஒரு வகைப் பூஞ்சணமும் வேண்டும். அதையெல்லாம் சேர்த்துக் கொடுத்தாலும், கொழும்பு இரவை என்ன செய்வீர்கள்? மேலே சூரியன் மறைந்ததும் மரம் குளிர்ந்து இளைப்பாறும். இங்கே நள்ளிரவிலும் 25, 26 பாகை, வியர்வை ஊறும் ஈரப்பதம். பகலில் சேர்த்ததை இரவு மூச்சிலேயே செலவழித்துத் தீர்த்துவிடும். விதை தூசி மாதிரி இருக்கும், காற்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வந்தால் யாருக்குத் தெரியும் என்று ஒருவர் கேட்டார். சட்டத்துக்குத் தெரியும். முளைத்தாலும் வெள்ளவத்தையில் நிற்காது.

இமயத்துக்கும் நீலகிரிக்கும் நம் மலைக்கும் இடையே ஆயிரக்கணக்கான கிலோமீற்றர் சூடான சமவெளியும் கடலும் இருக்க, ஒரே இனம் மூன்று இடத்திலும் எப்படி வந்தது என்பதற்கு ஆய்வாளர் சொல்லும் விளக்கமும் இதையே காட்டுகிறது. பூமி குளிர்ந்திருந்த பனியுகங்களில் தாழ்நிலம் வழியாகத் தெற்கே பரவியது. சூடேறியதும் கீழே இருந்தவை அழிய, மலையுச்சிகளுக்கு ஏறியவை தங்கிவிட்டன. நம்முடையது ஏறித் தப்பிய மரம். திரும்ப இறக்கிக் கொண்டுவந்து கடற்கரையில் வைத்தால் எப்படி?

படம் எடுப்பது பற்றி

கடும் வெயிலில் இந்தச் சிவப்பை கைத்தொலைபேசி விழுங்கிவிடும். மடலின் மடிப்பெல்லாம் மறைந்து சிவப்புக் கறை போல வரும். மெல்லிய மூடுபனியில், அல்லது முகில் மறைத்த நேரத்தில் எடுங்கள். வெளிச்சத்தை ஒரு படி குறைத்து வையுங்கள். ட்ரோன் கொண்டுபோகாதீர்கள், அனுமதியில்லாமல் பறக்கவிட்டால் பறிகொடுக்க நேரும்.

பூவை மட்டும் எடுத்துக்கொண்டு வராமல் இலை மேல், இலை கீழ், பட்டை, முழு மரம், பழைய கொத்தில் வெடித்து நிற்கும் காய் என்று ஐந்து படம் எடுங்கள். வீடு வந்ததும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் திகதியோடும் இடத்தோடும் பதிந்தால், எந்த மாதத்தில் எங்கே பூத்தது என்ற தகவல் சேரும். அடுத்த வருடம் நாள் குறிக்க உங்களுக்கே உதவும். நான் இப்போது வான்கார அண்ணனை அழைக்க முன்னர் அதைத்தான் ஒருமுறை திறந்து பார்க்கிறேன். பிறகு அவரையும் அழைக்கிறேன். போன பங்குனியில் அவர் "அண்ணே, இந்த வாரம் வராதீங்க, காத்து எல்லாத்தையும் உதுத்துருச்சு" என்றார். இரண்டு கிழமை பொறுத்துப் போனபோது, மேலே உள்ள மரங்களில் இரண்டாவது சுற்று மொட்டு விரிந்திருந்தது.